கேள்வி - பதில்: மாடி வீட்டுக்கும் காலிமனைக்கும் ஒரே வரியா?

கேள்வி: கட்டடத்தை விட்டுவிட்டு மனைக்கு மட்டும் வரி போடச் சொன்ன அமெரிக்கர் ஹென்றி ஜார்ஜ் பொருளாதார நிபுணரா, பத்திரிகைக்காரரா? (தேனி வாசகர்)

பதில்: பத்திரிகைக்காரர்தான். அதற்கும் முன்னால் அச்சுக்கோப்பவர். 1839இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். 14 வயதுக்குள் பள்ளியை விட்டு, 1855இல் 'ஹிந்து' என்ற கப்பலில் ஏவல் பையனாக மெல்போர்னும் கல்கத்தாவும் போய்வந்தார். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் அச்சுக்கூட வேலை. அங்கிருந்து தலையங்கம் எழுதும் நாற்காலிக்கு வந்தார். 1871 முதல் 'ஈவினிங் போஸ்ட்' என்ற, ஒரு சென்ட் விலையுள்ள மாலைப் பத்திரிகையை நடத்தினார். விரிவாக்கத்துக்கு வாங்கிய கடனைத் திருப்பிக் கேட்டபோது கட்ட வழியில்லை. 1875இல் பத்திரிகை கைவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு கிடைத்தது மாநில கேஸ் மீட்டர் ஆய்வாளர் வேலை. அதில் நிறைய நேரம் மிஞ்சியது. அந்த நேரத்தில், இந்த வரி யோசனையை விளக்கி எழுதிய புத்தகம்தான் 'முன்னேற்றமும் வறுமையும்' (1879). பதிப்பாளர் கிடைக்காமல் நண்பரின் அச்சகத்தில் முதலில் 500 பிரதி போட்டார்கள். முதல் வரிகளை அவரே கம்போசிங் ஸ்டிக்கில் (அச்செழுத்துகளை அடுக்கும் கைத்தட்டு) கோத்தார். 1886இல் நியூயார்க் மேயர் தேர்தலில் இரண்டாம் இடம் வந்தார். மூன்றாவதாக வந்தவர், பின்னாளில் ஜனாதிபதியான தியடோர் ரூஸ்வெல்ட்!

கேள்வி: வீடு கட்டியவருக்கும் மனையைச் சும்மா போட்டிருப்பவருக்கும் ஒரே வரி என்றாரே, அநியாயம் இல்லையா? (காரைக்குடி வாசகர்)

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மனை, ஆளுக்கு 20 லட்சம் பெறும். ஒன்றில் 80 லட்சத்துக்கு வீடு, மற்றதில் கருவேல முள். மொத்தச் சொத்து மதிப்பில் 1 சதவீதம் வரி என்றால் வீட்டுக்காரர் 1,00,000 கட்டுவார், முள் வளர்ப்பவர் 20,000. இப்போது கட்டடத்தை விட்டுவிட்டு அதே 1,20,000 ரூபாயை மனை மதிப்பில் மட்டும் வசூலித்தால் 3 சதவீதம், ஆளுக்கு 60,000. ஒருவருக்கு 40,000 குறைகிறது, இன்னொருவருக்கு அவ்வளவும் ஏறுகிறது.

ஜார்ஜின் நியாயம் இதுதான்: வீடு அவரவர் உழைப்பு. மனையின் விலை ஏறுவது ரோடும் ரயிலும் ஜனக்கூட்டமும் வருவதால். 1870இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து பக்கம் குதிரையில் போகும்போது ஒரு வண்டிக்காரரிடம் நிலத்தின் விலையைப் பேச்சுக்குக் கேட்டார். அதோ அங்கே ஒருவர் ஏக்கர் 1,000 டாலருக்குத் தருகிறார் என்று கை நீட்டினார் அவர். அங்கே மாடுதான் மேய்ந்துகொண்டிருந்தது. ஊர் வளரப்போகிறது என்ற நினைப்புக்கே அந்த விலை.

அவர் கேட்டது வெறும் 3 சதவீதமும் இல்லை. நிலத்தின் வாடகை மதிப்பு (வெறும் நிலத்தை வாடகைக்கு விட்டால் கிடைக்கும் தொகை) ஏறக்குறைய முழுவதையும் பொதுவுக்கு எடுத்துவிட்டு, மற்ற வரிகளை ஒழிக்கச் சொன்னார். இந்த இடத்தில்தான் எனக்கு உதைக்கிறது. வரி ஏற ஏற மனையின் விற்பனை விலை இறங்கும். சேமிப்பை எல்லாம் போட்டு நேற்று மனை வாங்கியவர் என்ன செய்வார்? நஷ்டஈடு கிடையாது என்பதில் ஜார்ஜ் பிடிவாதமாக இருந்தார்.

கேள்வி: நம் ஊர் காலிமனை வரியும் இதுதானா? (ஈரோடு வாசகர்)

பதில்: இல்லை. இங்கே வீடு எழும்பியதும் காலிமனை வரி போய், கட்டடத்தின் பரப்பளவை வைத்துச் சொத்து வரி வரும். பெரிதாகக் கட்டினால் கூடும். ஜார்ஜ் திட்டத்தில் நீங்கள் எத்தனை மாடி எழுப்பினாலும் வரி அசையாது.

கேள்வி: எங்காவது நடத்திப் பார்த்தார்களா? (நெல்லை வாசகர்)

பதில்: பாதியளவுக்கு, அமெரிக்க நகரமான பிட்ஸ்பர்க்கில். 1913 சட்டப்படி கட்டட வரியைப் படிப்படியாகக் குறைத்து, 1925இல் நில வரி விகிதத்தில் பாதியாக்கினார்கள். 1979க்குப் பிறகு நில விகிதத்தை இன்னும் ஏற்றி, கடைசியில் அது கட்டட விகிதத்தைப்போல் 5 மடங்குக்கும் மேலே போனது. 2001இல் கைவிட்டார்கள்.

கவிழ்த்தது மதிப்பீடு. நெருக்கமாக வீடு நிற்கும் தெருவில் வெறும் மனை விற்பனைக்கே வராது. மொத்த விலையிலிருந்து கட்டடத்தைக் கழித்துத்தான் மனையின் விலையைக் கண்டுபிடிக்க வேண்டும். மேலே சொன்ன 1 கோடி சொத்தில் கட்டடத்தை 80க்குப் பதில் 70 லட்சம் என்று எழுதிவிட்டால் மனை 30 லட்சம் ஆகிவிடும், வரி 60,000 போய் 90,000. பழைய முறையில் இதே பிசகு வந்தாலும் மொத்தம் மாறாததால் வரியில் ஒரு ரூபாய்கூட ஏறாது. பிட்ஸ்பர்க்கில் மறுமதிப்பீடு வந்தபோது பல வீடுகளின் நில மதிப்பு எகிறியது, ஜனங்கள் கொதித்துப்போய் நகரசபையை முற்றுகையிடாத குறை. நிலத்துக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று என்ற இரட்டை விகிதம் அந்த ஆண்டே போய்விட்டது.