மேலுறையை ஒட்டலாமா, எறியலாமா?

கேள்வி: அப்பா சேர்த்த கெட்டி அட்டைப் புத்தகங்கள் மட்டக்களப்பு கல்லடி வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. மேலே சுற்றியிருக்கும் கடதாசி உறைகள் ஓரம் கிழிந்து கழன்றுவருகின்றன. செலோடேப்பால் அட்டையோடு ஒட்டிவிடவா, லேமினேட் பண்ணவா, பேசாமல் எறிந்துவிடவா?

பதில்: மூன்றும் வேண்டாம்.

மேலுறை ஒட்டாமல் கிடப்பது குறையே அல்ல. துணி பைண்டிங் அழுக்காகாமல் வாங்குபவர் கைக்குப் போய்ச் சேரட்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் பதிப்பாளர்கள் சுற்றிவிட்ட சாதாரணக் கடதாசிதான் அது. வாங்கியவர்களும் கழற்றி எறிந்தார்கள். படமும் நூலாசிரியர் குறிப்பும் அதில் ஏறியது பிறகுதான். அந்தக் குறிப்பு பல புத்தகங்களில் உள்ளே வேறெங்கும் இருக்காது. அப்பாவிடம் அரிய ஆங்கில முதற்பதிப்பு ஏதும் இருந்தால், உறை போனதுமே அதன் விலையில் பெரும்பகுதியும் போய்விடும்.

செலோடேப்பைக் கண்டாலே எனக்கு ஆகாது. சில வருடத்தில் நாடா உரிந்து விழும், பசை மட்டும் கடதாசிக்குள் இறங்கி மஞ்சள் கறையாக நிற்கும். லேமினேட் இன்னும் மோசம்; சூட்டில் ஒட்டியதைப் பிரிக்கவே முடியாது.

தெளிவான பொலியெஸ்டர் பிளாஸ்டிக் தாள் வாங்குங்கள். உறையைக் கழற்றி, உலர்ந்த மென்துணியால் தூசி தட்டி, முகம் கீழாகத் தாளின்மேல் விரியுங்கள். மேலும் கீழும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக விட்டு வெட்டி, அந்தப் பகுதியை உறையின் உள்பக்கமாக மடித்து அடிமட்டத்தால் அழுத்தித் தேயுங்கள். அப்புறம் புத்தகத்துக்கு மாட்டிவிடலாம். பசையே தேவையில்லை, கிழிந்த ஓரங்கள் தாளுக்குள் அசையாமல் நிற்கும்.

கொப்பிகளுக்குப் போடும் மெதுமெதுப்பான பிவிசி கவரை மட்டும் வாங்கிவிடாதீர்கள். புது மழைக்கோட்டு மணம் அடித்தால் அது பிவிசி; நாளடைவில் அச்சு மையில் ஒட்டிக்கொள்ளும். பொலியெஸ்டர் மணக்காது, ஆட்டினால் சரசரக்கும்.

வேலையை வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் ஈரம் ஊறிய உறையைத் தாளுக்குள் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரியைச் சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி வையுங்கள். யன்னல் வெயிலும் கூடாது, முதுகுப் பக்கத்துச் சிவப்பு வெளிறிவிடும்.

வாசிக்கும்போது உறையைக் கழற்றி வைப்பது நல்லது. உள்மடிப்பைப் பக்க அடையாளமாகச் செருகும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் சொல்லி நிறுத்துங்கள். அந்த மடிப்பு இழுபட்டுத்தான் பாதி உறைகள் கிழிகின்றன.