பத்து வருடம் நின்ற ஆர்எக்ஸ் 100: கிக்கரை உதைக்கும் முன்

கேள்வி: அப்பா 1993-ல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100, அவர் 2016-ல் காலமானதிலிருந்து வீட்டுத் தாழ்வாரத்தில் அப்படியே நிற்கிறது. ஆர்சி 2018-ல் முடிந்துவிட்டது. ஆர்சி புத்தகத்தில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் எச்பி முத்திரை (வண்டி மேல் கடன் இருப்பதற்கான பதிவு) இருக்கிறது; கடன் அப்போதே கட்டி முடித்தாயிற்று, கம்பெனி இப்போது இல்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவர் “வண்டியை விட்டுட்டுப் போங்க, 70,000 ஆகும், புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன்” என்கிறார். பேப்பர் வேலைக்கு ஒரு புரோக்கர் தனியாக 20,000 கேட்கிறார். வீட்டிலேயே நானே செய்ய முடியுமா? எங்கே ஆரம்பிப்பது? (வாசகர், மன்னார்குடி)

பதில்: பாதிக்கு மேல் நீங்களே செய்யலாம். ஆனால் இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை கிக்கரில் கால் வைக்காதீர்கள். இத்தனை வருடம் நின்ற வண்டி கெட்டதைவிட, ஆசையில் நாலு உதை உதைத்துக் கெடுத்ததுதான் என் பட்டறைக்கு அதிகம் வந்திருக்கிறது.

காரணம் எளிது. தாழ்வாரத்தில் நிற்கும் வண்டியின் சைலன்சர் ஓட்டை குளவிக்குச் சொந்த வீடு. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் மண்கூடு, சைலன்சர் வாலுக்குள் மண்கூடு. நீங்கள் உதைத்தால் ஃபில்டர் பக்கத்து மண் கார்புரேட்டர் வழியாக நேரே எஞ்சினுக்குள் போகும். அது பிஸ்டனுக்கும் பிளாக்குக்கும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) நடுவே உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். அதனால் முதல் வேலை, ஃபில்டர் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பது. ஸ்பாஞ்ச் தொட்டால் மாவாக உதிரும், புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். சைலன்சர் வாலில் ஒரு திருகைக் கழற்றினால் உள்ளே இருக்கும் குழாய் வெளியே வரும். அதையும் தட்டிப் பாருங்கள்.

அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக நாலைந்து ஸ்பூன் டூ-டி ஆயிலையும் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) டீசலையும் கலந்து ஊற்றி, இரண்டு நாள் விடுங்கள். அப்புறம் வண்டியை டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். அசைந்தால் நிம்மதி. அசையாவிட்டால் இன்னும் இரண்டு நாள். சுத்தியலை எடுக்க வேண்டாம்.

இந்த எஞ்சினில் ஒரு வசதி இருக்கிறது. டூ-ஸ்ட்ரோக் என்பதால், சைலன்சரை பிளாக்கிலிருந்து கழற்றினாலே அந்தத் துளை வழியாகப் பிஸ்டனின் பக்கவாட்டைக் கண்ணால் பார்க்கலாம். சக்கரத்தை அசைத்துப் பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்தி, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். வழவழப்பாக, மங்கிய வெள்ளி நிறத்தில் இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாக நகத்தால் கீறியதுபோல் கோடுகள் ஆழமாக ஓடினால்தான் பிளாக்குக்கு வேலை. இதைப் பார்க்காமலேயே “போர் போடணும்” (பிளாக்கின் துளையைக் கடைந்து பெரிதாக்கணும்) என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். உங்கள் பிளாக்கின் துளை 50 மில்லிமீட்டர். அதைக் கால் கால் மில்லிமீட்டராகத்தான் பெரிதாக்க முடியும், அதற்கேற்ற பிஸ்டனும் கடைசியில் 1 மில்லிமீட்டர் கூடுதல் அளவோடு நின்றுவிடும். தேவையில்லாமல் ஒரு தடவை போர் போட்டால் பிளாக்கின் ஆயுளில் ஒரு பங்கு போனது போனதுதான்.

இப்போது அந்த 70,000 மெக்கானிக். அவர் நல்லவராகவே இருக்கலாம், எனக்குத் தெரியாது. “விட்டுட்டுப் போங்க” என்ற சொல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. யமஹாவோடு கூட்டு வைத்து எஸ்கார்ட்ஸ் கம்பெனி இந்த வண்டியை 1985 முதல் 1996 வரைதான் செய்தது. இப்போது நல்ல பேப்பரோடு ஒன்று விற்றால் லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள். அப்படியென்றால் உங்கள் வண்டியில் இருக்கும் ஒரிஜினல் பிளாக், மிகுனி கார்புரேட்டர், மீட்டர், சைலன்சர், பக்கத் தகடு எல்லாம் தனித்தனியாகக் காசு. முழு வண்டியும் இரண்டு மாதம் இன்னொருவர் கொட்டகையில் கிடந்தால், திரும்பி வரும்போது பெயிண்ட் பளபளக்கும். உள்ளே எது உங்களுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. கூடவே “ஜப்பான் செட் போட்டிருக்கேன்” என்று ஒரு கூடுதல் பில். ஜப்பானிலிருந்து பாகங்கள் வந்து இங்கே பூட்டப்பட்டது ஆரம்பகால வண்டிகளில். 1993 வண்டிக்கு எதற்கு ஜப்பான் செட், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பில் கேளுங்கள். பேச்சு நின்றுவிடும்.

ஆகவே வண்டி வீட்டில் இருக்கட்டும். கழற்றுவதை நீங்கள் செய்யுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு போட்டோ, கழற்றிய திருகுகள் தனித்தனி டப்பாவில். வெளியே போக வேண்டியது இரண்டே வேலை: பிளாக்குக்கு லேத், கிராங்குக்கு (பிஸ்டனோடு இணைந்து சுழலும் தண்டு) பிரஸ். அதற்கும் பாகத்தை மட்டும் கையில் எடுத்துப் போங்கள். உள்பக்கம் கண்ணில் படாத இடத்தில் ஒரு சின்னப் பெயிண்ட் புள்ளி வைத்து, பக்கத்தில் நின்று வேலை வாங்கி, அதையே திருப்பிக் கொண்டுவாருங்கள். கோபித்துக்கொள்ளும் லேத்காரர் வேண்டாம், அடுத்த லேத்துக்குப் போகலாம்.

பிஸ்டன் நன்றாக இருந்தாலும் ஒன்றைத் தவிர்க்க முடியாது: கிராங்கின் இரு பக்கத்து ஆயில் சீல். உங்கள் எஞ்சினில் பெட்ரோல் கலவை கிராங்க் அறை வழியாகத்தான் மேலே போகிறது. பத்து வருடத்தில் ரப்பர் காய்ந்து கல்லாகிவிடும். மேக்னட் பக்கத்து சீல் போனால் வெளிக்காற்றை உறிஞ்சும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் தானாக அலறும், ஊரெல்லாம் கேட்கும், “சூப்பரா இருக்கு” என்று தோன்றும். சில கிலோமீட்டரில் சூடேறிப் பிஸ்டன் ஜாம் ஆகும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும். இரண்டு சீலும் விலை குறைந்தவை, மாற்றும் கூலிதான் செலவு. மெக்கானிக் தள்ளிப்போடப் பார்ப்பார், விடாதீர்கள்.

டூ-டி ஆயில் பம்பையும் முதல் ஓட்டத்தில் நம்ப வேண்டாம். குழாயில் காற்று அடைத்திருக்கும், பழைய ஆயில் பிசினாகியிருக்கும். முதல் சில லிட்டர் பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயிலை நேரடியாகக் கலந்துவிடுங்கள். புகை வந்தால் வரட்டும்.

பெட்ரோல் டேங்க்கில் துரு இருக்கும். அதற்கு கழிவறை ஆசிட் ஊற்றும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. துருவோடு தகட்டையும் தின்னும், கழுவிய மறுநாளே மறுபடி துரு பிடிக்கும். சிட்ரிக் ஆசிட் பவுடரை வெந்நீரில் கரைத்து ஒரு நாள் நிரப்பி வைத்து, சமையல் சோடாத் தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, உடனே கொஞ்சம் டூ-டி ஆயிலைச் சுழற்றிவிட்டால் போதும். ஓட்டை இருந்து வெல்டிங்குக்குக் கொடுத்தால், பெட்ரோல் வாசனை துளியும் இல்லாமல் கழுவியபின் கொடுங்கள். ஆவி மிச்சம் இருந்த டேங்க் வெடிக்கும். ரப்பர் குழாய்களையெல்லாம் புதிதாகப் போடுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பருக்கு அது ஆகாது. கார்புரேட்டர் ஜெட்டைத் தையல் ஊசியால் குத்த வேண்டாம். வயரிலிருந்து ஒற்றைச் செம்புக் கம்பி உருவிச் செய்யலாம்.

பிரேக் ஷூ, கேபிள், டயர் எல்லாம் புதிது, பேச்சே இல்லை. டயரில் கட்டை (தரையைப் பிடிக்கும் மேடு) நன்றாக இருக்கிறதே என்பார்கள். பக்கவாட்டில் அச்சிட்ட கடைசி நாலு எண்ணைப் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2015 டயரில் கட்டை இருந்து என்ன பயன்?

பெயிண்டுக்கு வருமுன் ஒன்று. ஹேண்டில்பார் பக்கம், ஃப்ரேமின் கழுத்தில் சேஸ் நம்பர் குத்தியிருக்கும். பவுடர் கோட்டிங்கோ மணல் அடிப்பதோ செய்தால் அந்த எழுத்து மூடும் அல்லது தேயும். ஆர்டிஓ ஆபீசில் பென்சில் தேய்த்துப் பிரிண்ட் எடுப்பார்கள், தெரியவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். மறுபடி குத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஓடிவந்துவிடுங்கள், அது போலீஸ் கேஸ். இப்போதே செல்லோடேப் ஒட்டி, பென்சிலால் தேய்த்து இரண்டு பிரிண்ட் எடுத்து ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எஞ்சின் நம்பருக்கும் அப்படியே. நம்பர் பொருந்தவில்லை என்றால் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

சரி, பேப்பர். இதுதான் உங்கள் உண்மையான வேலை, எஞ்சின் இல்லை.

முதலில் பரிவாகன் தளத்தில் (மத்திய அரசின் வாகனப் பதிவு இணையதளம்) வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். பழைய புத்தக ஆர்சி பலவும் கணினியில் ஏறவே இல்லை. ஏற்றியிருக்க வேண்டியது ஆர்டிஓ ஆபீசின் வேலை. ஆனால் அலைவது நீங்கள். தளத்தில் இல்லையென்றால் பேக்லாக் பதிவுக்கு (பழைய பதிவைக் கணினியில் ஏற்றுவது) எழுதிக் கொடுங்கள். அப்புறம் வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தோடு படிவம் 31-ல் பெயர் மாற்றம். சட்டப்படி இறந்த மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டியது, தாமதமானாலும் வழி அடைபடவில்லை. ஆர்சி புதுப்பிக்கப் படிவம் 25. 20 வருடம் தாண்டிய பைக்குக்கு 2025 ஆகஸ்டிலிருந்து கட்டணம் 2,000 ரூபாய். தாமதத்துக்கு மத்திய விதியில் மாதம் 300 ரூபாய் தனி. பசுமை வரியும் உண்டு. மொத்தம் எவ்வளவு என்பதை ஆன்லைன் விண்ணப்பத்தில் வரும் தொகையில் பாருங்கள். புரோக்கர் சொல்லும் 20,000-ல் அரசுக்கு எவ்வளவு, அவருக்கு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், தரமாட்டார்.

உங்கள் சிக்கல் அந்த எச்பி முத்திரை. ஃபைனான்ஸ்காரரின் கையெழுத்தோடு படிவம் 35 வந்தால்தான் நீக்குவார்கள், அது நீங்காமல் பெயர் மாற்றம் நகராது. கடன் கொடுத்தது வங்கி என்றால் வழி சுலபம்: பாங்க் ஆஃப் மதுரா 2001-ல் ஐசிஐசிஐயோடு சேர்ந்தது, விஜயா வங்கி 2019-ல் பரோடா வங்கியோடு, சிண்டிகேட் 2020-ல் கனராவோடு. சேர்ந்த வங்கி கையெழுத்துப் போட வேண்டும். உங்களுடையது தனியார் ஃபைனான்ஸ். அதிலும் இரண்டு வகை. பெயர் ‘லிமிடெட்’ என்று முடிந்தால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைத் தேடுங்கள், உயிரோடு இருக்கிறதா, நீக்கப்பட்டதா, கலைப்பில் இருக்கிறதா என்று காட்டும். நீதிமன்றம் கலைத்த கம்பெனி என்றால் உயர் நீதிமன்றத்தோடு இருக்கும் அதிகாரபூர்வ கலைப்பாளரிடம் எழுதிக் கேட்க வேண்டும். பெயர் ‘அண்ட் கோ’, ‘ஃபைனான்ஸ்’ என்று மட்டும் முடிந்தால் பெரும்பாலும் கூட்டு நிறுவனம். பதிவு செய்ததாக இருந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பங்குதாரர் பெயர்கள் கிடைக்கும். உயிரோடு இருக்கும் ஒரு பங்குதாரர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஏற்கும் அலுவலகங்கள் உண்டு.

யாருமே இல்லையென்றால்? மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 51(3) கேட்பது, ஒப்பந்தம் முடிந்ததற்கான ஆதாரம். அப்பா வைத்திருந்த தவணை ரசீதுகளைத் தேடுங்கள். பீரோவின் அடித்தட்டு, எல்ஐசி பாலிசி ஃபைல், இப்படி எங்காவது இருக்கும். அவற்றோடு, கம்பெனி மூடப்பட்டதற்கான ஆதாரம், நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம், கம்பெனியின் கடைசி முகவரிக்கு அனுப்பித் திரும்பி வந்த பதிவுத் தபால் உறை (பிரிக்காமல்) எல்லாவற்றையும் வைத்து மனு கொடுங்கள். முடியாது என்று வாயால் சொல்வார்கள். வாயால் சொன்னதற்கு மேல்முறையீடு கிடையாது, அதனால்தான் வாயால் சொல்கிறார்கள். நிராகரிப்பை எழுத்தில் கேளுங்கள். பெயர் மாற்றத்தை மறுத்த உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பிரிவு 57-ன்படி மேல்முறையீடு செய்யலாம். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். ஃபைனான்ஸ்காரரின் ரப்பர் ஸ்டாம்பை நானே செய்து தருகிறேன் என்று ஒரு புரோக்கர் கட்டாயம் வருவார். போலி ஆவணத்தில் வாரிசாகக் கையெழுத்துப் போட்டிருப்பது நீங்கள்தான், அவர் இல்லை.

‘வின்டேஜ் நம்பர்’ வாங்கித் தருகிறேன் என்பவரையும் நம்ப வேண்டாம். அந்த விதி 50 வருடம் தாண்டிய வண்டிக்கு. 15 வருடம் ஆனால் வண்டியை உடைத்தே ஆக வேண்டும் என்பதும் டெல்லிப் பக்கத்து விவகாரம்.

ஆர்டிஓ ஆய்வுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆர்சி, இன்சூரன்ஸ் இல்லாத வண்டி வழியில் யார் மேலாவது மோதினால் உங்கள் சொத்துக்கே வில்லங்கம். ஒரு குட்டி யானையில் கட்டி ஏற்றிக்கொண்டு போங்கள், கயிற்றை டேங்க் மேல் போட வேண்டாம். பெயிண்ட், ஸ்டிக்கர், குரோம் எல்லாவற்றையும் ஆய்வு முடிந்து ஆர்சி கைக்கு வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம். ஆர்சியில் பதிந்திருக்கும் நிறத்திலேயே அடியுங்கள்.