கீழவளவுப் பாறையில் டப்பாவை ஒளித்து வைக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் அண்ணன் மகன் லீவுக்கு வந்திருக்கிறான். எந்நேரமும் ஜியோகேஷிங் பேச்சுதான். கீழவளவு பஞ்சபாண்டவர் மலையில், கல்வெட்டு இருக்கும் பாறை இடுக்கில் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, இடத்தின் ஜிபிஎஸ் எண்களை ஆப்பில் போட்டால் யார் யாரோ தேடி வருவார்களாம். “அத்தை, நீங்களும் வாங்க” என்கிறான். போகலாமா? யாராவது வெடிகுண்டு என்று பயந்துவிட்டால்?
- வாசகி, மேலூர்

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் டப்பாவை அந்தப் பாறையில் மட்டும் வைக்காதீர்கள்.

காரணம் சொல்கிறேன். 2000 மே 2 அன்று அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கியது, மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை ஒளித்துவைத்து இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார், விளையாட்டு அப்படித்தான் பிறந்தது. இன்றைக்கும் போன் காட்டும் இடம் சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும். அதிலும் குகைத்தளத்துக்குள் வானமே தெரியாது, சிக்னல் தடுமாறும். அப்புறம் தேடி வருகிறவர் என்ன செய்வார்? ஒவ்வொரு இடுக்கிலும் கைவிடுவார், கல்லைப் புரட்டுவார், படுக்கை மேல் ஏறி நிற்பார். 2,000 வருஷத்துக்கு முன்னால் சமண முனிவர்களுக்காக வழவழப்பாக வெட்டிய படுக்கைகள் அவை! ஏற்கெனவே பெயிண்டில் பெயர் எழுதிவிட்டுப் போகிறவர்களிடமிருந்து இப்படிப்பட்ட இடங்களைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 வருஷம் வரை சிறை என்று சட்டமும் இருக்கிறது.

அப்போ என்ன செய்யலாம்? மல்டி கேஷ் என்ற வகை உங்கள் மருமகனுக்குத் தெரிந்திருக்கும். முதல் இடத்தில் டப்பா கிடையாது, கேள்வி மட்டும்தான். விடையாக வரும் எண்களை வைத்துத்தான் டப்பா இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியும். மலையில் கேள்வியை வையுங்கள், டப்பா தள்ளி எங்காவது இருக்கட்டும். கேள்விக்கா பஞ்சம்? படுக்கைகளை எண்ணச் சொல்லலாம். மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் நெற்றி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பாறையில் வெட்டிய காடியைத் தேடச் சொல்லலாம். எனக்குப் பிடித்தது கல்வெட்டுதான். தொண்டியைச் சேர்ந்த ஒருவர் இந்தப் பள்ளியை, அதாவது முனிவர்கள் தங்கும் இடத்தை, கொடுத்தார் என்று சொல்லும் ஒற்றை வரி, தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில். எழுத்துகளோ தலைகீழாக வெட்டப்பட்டிருக்கும். அண்ணாந்து பார்த்துக்கொண்டே உடம்பை வளைத்து, கழுத்தைத் திருப்பி, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் பார்க்கிறபோது கடற்கரை ஊரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து கொடுத்த அந்த ஆளே பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். போட்டோவில் தெளிவாகத் தெரியணும் என்று சாக்பீஸ் மட்டும் தேய்த்துவிடாதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள், அதுவே போதும்.

டப்பா வைக்கும் இடத்துக்கு உரியவரிடம் கேட்டுவிட்டு வையுங்கள், டீக்கடையிலும் ஊர்ப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவாக இருக்கட்டும், மேலே தமிழில் “இது ஒரு விளையாட்டுப் பெட்டி” என்று எழுதி ஒட்டுங்கள். வெடிகுண்டு பயம் அதோடு போய்விடும். மண்ணில் புதைக்கக் கூடாது, தின்பண்டம் வைக்கக் கூடாது, இரண்டும் ஆட்டத்தின் விதிகள்.

இன்னொன்று. லீவுக்கு வந்தவர் வைத்துவிட்டுப் போகும் டப்பாவை ஆப் நடத்துகிறவர்கள் அவ்வளவு எளிதில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான் அம்மா. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை போய்த் திறந்து பாருங்கள், கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் லாக்புக் ஈரமாகியிருந்தால் புதுசு வையுங்கள். கூடவே ஒரு பென்சிலும் போடுங்கள், பேனா மை ஈரத்தில் ஊறிப் பரவிவிடும்.