பழைய கம்ப்யூட்டர் இலவசமாக வந்தால் வாங்கலாமா?

கேள்வி: ஒரு நிறுவனம் அலுவலகத்தில் கழித்த 12 டெஸ்க்டாப்புகளை எங்கள் ஊர் நூலகத்துக்குத் தர முன்வந்திருக்கிறது. எல்லாம் ஒரே மாடல்: ஐ5 நான்காம் தலைமுறை பிராசஸர், 4 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), ஹார்டு டிஸ்க். “விண்டோஸ் 10 காலம் முடிந்துபோச்சு, காயலான் கடையில் போடுங்கள்” என்கிறார் சர்வீஸ் கடைக்காரர். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைகள்தான் இங்கே வருகிறார்கள். என்ன செய்யலாம்? (வாசகர், மன்னார்குடி)

பதில்: தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் 12 கம்ப்யூட்டர் கிடைத்ததாகக் கணக்குப் போடாதீர்கள். ஆறு கிடைத்ததாக நினையுங்கள்.

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. நான்காம் தலைமுறை பிராசஸர் விண்டோஸ் 11-க்கான பட்டியலிலும் இல்லை. அதற்காக மெஷினைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் இலவசம், இந்த மெஷினில் நன்றாகவே ஓடும். கடிதம் அடிக்க, கணக்குப் போட லிப்ரே ஆஃபீஸ் கூடவே வரும். தமிழில் தட்டச்சு செய்யத் தமிழ்99 விசைப்பலகையும் அமைத்துக்கொள்ளலாம். வேலைவாய்ப்பு விண்ணப்பம், பாட வீடியோ எல்லாவற்றுக்கும் பிரவுசர் போதும்.

எல்லாம் ஒரே மாடல் என்பது உங்களுக்குப் பெரிய வசதி. ஆறு மெஷினில் இருக்கும் ராமைக் கழற்றி மற்ற ஆறில் போட்டால் ஆளுக்கு 8 ஜிபி ஆகிவிடும். மிச்சத்தின் பவர் சப்ளை, ஃபேன், கீபோர்டு எல்லாம் உதிரிபாகம். காசு செலவு செய்ய வேண்டிய ஒரே பெரிய சாமான் எஸ்எஸ்டி, அதாவது ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம். ஹார்டு டிஸ்கில் மெதுவாகத் திறந்த மெஷின் எஸ்எஸ்டி போட்டதும் சில நொடிகளில் எழுந்துவிடும். அதில் கஞ்சத்தனம் வேண்டாம். நின்று நின்று ஓடும் பன்னிரண்டைப் பார்த்துப் பிள்ளைகள் ஒரு மாதத்தில் வருவதை நிறுத்திவிடுவார்கள்.

இன்னொன்று: மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. அது தீர்ந்திருந்தால் ஸ்விட்ச் போடும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். தேதி தப்பானால் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று சொல்லிப் பல தளங்கள் திறக்காது. நெட் போச்சு, மெஷின் போச்சு என்று முடிவு கட்டிவிடுவார்கள். கோளாறு அந்தச் சின்ன பேட்டரியில்தான். முதல் நாளே எல்லாவற்றிலும் மாற்றிவிடுங்கள். அப்புறம், பயாஸ் (மெஷின் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டை நீக்கித் தரும்படி நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். பிறகு அங்கே பொறுப்பான ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

நிஜமாகவே உதவாததைத் தெருவில் வயரை எரித்துத் தாமிரம் எடுப்பவர் கைக்குப் போகவிடாதீர்கள். அந்தப் புகை அவருக்கும் ஊருக்கும் நஞ்சு. பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.

கேள்வி: என் பழைய லேப்டாப்பைப் பள்ளிக்குக் கொடுக்க ஆசை. ஃபார்மேட் செய்தால் போதுமா? உள்ளே ஆதார் நகல், வங்கி விவரம் எல்லாம் இருந்தது. (வாசகி, திருச்சி)

பதில்: போதாது. சாதாரண ஃபார்மேட்டுக்குப் பிறகும் கோப்புகளை மீட்டெடுக்க மென்பொருள்கள் உண்டு. ஹார்டு டிஸ்க் என்றால் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் எஸ்எஸ்டி போட வேண்டியதுதான், அதை நீங்களே வாங்கிப் போட்டுக் கொடுத்தால் பள்ளிக்குப் பேருதவி. சார்ஜரையும் சேர்த்துக் கொடுங்கள். சார்ஜர் இல்லாமல் வந்து அலமாரியில் தூங்கும் லேப்டாப்புகள் ஏராளம்.

கேள்வி: மகளின் கல்லூரிப் படிப்புக்காக ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்து விற்கும்) லேப்டாப் வாங்கினேன். ஆறு மாத வாரன்ட்டி என்று வாட்ஸ்அப்பில் சொன்ன கடை, இரண்டாம் மாதமே டிஸ்ப்ளே போனதும் கையை விரிக்கிறது. (வாசகர், மதுரை)

பதில்: பழைய பொருள் என்பதால் உங்கள் உரிமை போய்விடாது. காசு கொடுத்து வாங்கிய நீங்கள் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள், அதுவும் சாட்சி. பில்லில் சீரியல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் லேப்டாப்பின் அடியில் உள்ள எண்ணை இப்போதே படம் எடுத்து வையுங்கள். கடைக்கு எழுத்தில் ஒரு புகார் கொடுத்துவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.