பெட்டை என்று வாங்கிய குஞ்சு கூவினால்?

கேள்வி: முட்டைக்காக 6 கோழிக்குஞ்சுகள் வாங்கினேன். "எல்லாம் பெட்டைதான்" என்று சொல்லித்தான் விற்றார். நான்கு மாதத்தில் மூன்று கூவுகின்றன. ஏமாற்றிவிட்டாரா?

பதில்: பாலினம் பிரிக்காத குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் வரும். ஆறில் மூன்று என்றால், உங்களுக்கு வந்தவை பிரிக்காத குஞ்சுகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விற்றவர் தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, பெட்டை என்று சொல்லி விற்றதால் பொறுப்பு அவருடையது. மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அடுத்த முறை பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: பாலினம் பிரித்த குஞ்சுகளா? எப்படிப் பிரித்தார்கள்? சேவலாகிவிட்டால் திரும்ப எடுப்பீர்களா? பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். ஒரு நாள் குஞ்சின் ஆசனவாயைப் பிதுக்கிப் பார்த்துப் பிரிப்பதற்கு நல்ல பயிற்சி வேண்டும். தேர்ந்தவர்களும் நூற்றுக்குச் சில தவறவிடுவார்கள். சில கலப்பினங்களில் பொரித்த அன்றே குஞ்சின் நிறம் சொல்லிவிடும், அது நம்பலாம். கூர் முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்பதற்கெல்லாம் ஆதாரம் இல்லை.

விலை கூடினாலும் மூன்று மாதம் வளர்ந்ததை வாங்குவதே நல்லது என்பேன். அந்த வயதில் சேவலின் கொண்டையும் தாடியும் பெரிதாகிச் சிவந்திருக்கும். வால் தொடங்கும் இடத்துக்கு முன்னால், முதுகின் பின்பகுதியில் கூர்மையான, மெல்லிய இறகுகள் தொங்கும். பெட்டைக்கு அவை வட்ட முனையாக இருக்கும். இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: சேவல் இல்லாவிட்டால் பெட்டை முட்டை இடுமா?

பதில்: இடும், எண்ணிக்கையும் குறையாது. குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால் மட்டும் சேவல் தேவை.

கேள்வி: என்னிடம் 7 பெட்டை, 3 சேவல். பெட்டைகளின் முதுகில் இறகே இல்லை. எந்தச் சேவலை வைத்துக்கொள்வது?

பதில்: ஒன்றை மட்டும். 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் என்பது பொதுவான கணக்கு. அதற்கு மேல் சேவல் இருந்தால், இணைசேர முதுகில் ஏறி மிதிப்பதைத் தாங்காமல் பெட்டைகள்தான் அவதிப்படும். இறகு போன இடத்தில் கால்முள் பட்டுத் தோல் கிழியும், புண்ணைக் கண்டால் மற்ற கோழிகளும் கொத்தும். இது சின்ன விஷயம் இல்லை, உடனே பிரியுங்கள். முதுகுக்குப் போடும் துணிக்கவசம் கடையில் கிடைக்கிறது. அது காயத்தை மறைத்துக் காக்கும், ஆனால் சேவல் எண்ணிக்கையைக் குறைக்காமல் அதை மட்டும் வாங்கிப் பயனில்லை.

எது என்று முடிவு செய்ய, தீவனம் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். நல்ல சேவல் இரையைக் கண்டதும் 'டுக் டுக்' என்று அழைக்கும், கொத்தி எடுத்துக் கீழே போட்டுப் பெட்டைகளைத் தின்னவிடும். ஒரு சிறகைத் தாழ்த்திப் பெட்டையைச் சுற்றி வரும். வானில் பருந்து தெரிந்தால் ஒரு குரல், தரையில் நாய் வந்தால் வேறு குரல் கொடுக்கும். பெட்டைகள் அதன் பக்கத்திலேயே மேயும். எந்தச் சேவலைக் கண்டு பெட்டைகள் கூட்டுக்குள் ஓடி ஒளிகின்றனவோ அதை அனுப்பிவிடலாம். ஒரு வயதுக்குள் இருக்கும் இளஞ்சேவல் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருக்கும். இடம் இருந்தால் அவகாசம் கொடுங்கள். மிச்சச் சேவல்களைப் பெட்டைகள் கண்ணில் படாத தனி அடைப்பில் ஒன்றாக விட்டால் பெரும்பாலும் சண்டை குறையும். விற்பதானால் முரட்டுக் குணத்தை மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும்.

கேள்வி: அக்கம்பக்கத்தார் புகார் சொல்கிறார்கள். கூவாமல் இருக்கக் கழுத்துப்பட்டை விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கழுத்தை இறுக்கிச் சத்தத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை. கொஞ்சம் இறுகினாலும் மூச்சு முட்டும், இரை இறங்காது. தளர்ந்தால் சத்தம் குறையாது. கூட்டை இருட்டாக்கினால் சத்தம் வெளியே வருவது ஓரளவு மட்டுப்படும், கூவுவது நிற்காது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், வெளிச்சம் மாறாத மங்கலான அறையில் வைத்த சேவல்களும் உடலுக்குள் உள்ள கடிகாரத்தின்படி விடியல் நேரத்தில் கூவின. வீடுகள் நெருங்கிய இடத்தில் பெட்டை மட்டும் வளர்ப்பதே எல்லோருக்கும் நிம்மதி.

கேள்வி: சேவல் என் 5 வயது மகள் மேல் பாய்கிறது. பழக்க முடியுமா?

பதில்: முதலில் குழந்தையைத் தனியே அந்தப் பக்கம் விடாதீர்கள். கால்முள் கண்ணில் பட்டால் ஈடுசெய்ய முடியாது. பெரியவர்கள் பின்வாங்கி ஓடவும் கூடாது, உதைக்கவும் கூடாது. ஓடினால் ஜெயித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும், உதைத்தால் சண்டைக்கு வந்ததாக எடுத்துக்கொள்ளும். அசையாமல் நில்லுங்கள், அது விலகியதும் உங்கள் வேலையைத் தொடருங்கள். கால்முள்ளின் நுனியை மட்டும் அரத்தால் மழுக்கலாம். உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் இருப்பதால் ஆழமாக வெட்டக் கூடாது. சில வாரங்களில் மாற்றம் இல்லையென்றால் அந்தச் சேவல் குழந்தை உள்ள வீட்டுக்கு ஆகாது. அதோடு சேர்ந்த பெட்டைகளின் முட்டைகளை அடைக்கும் வைக்காதீர்கள், முரட்டுக் குணம் குஞ்சுகளுக்கும் வரக்கூடும். அதை அனுப்பிய பிறகும் இரண்டு மூன்று வாரம்வரை அதன் கருக்கூடிய முட்டை வரலாம் என்பதால், அடை வைப்பதற்கு அதுவரை பொறுங்கள்.