ஷேர்டு போதுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வாசகர் வட்டத்தில் வாசிக்கப்பட்ட கட்டுரைகளைத் தொகுத்து இணையதளமாக வெளியிட எண்ணுகிறோம். தளத்துக்கு இணையத்தில் இடம் வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் மூன்றைக் கேட்டோம். ஷேர்டு, விபிஎஸ், கிளவுட் என்று மூன்றும் மூன்று திட்டங்களைச் சொல்கின்றன. விலையில் பெரும் வேறுபாடு. எதைத் தேர்வது?

கே.

அன்புள்ள கே.,

இரவு பகலாக இணையத்தில் இயங்கும் கணினியான ஒரு சர்வரில் உங்கள் கோப்புகளுக்கு இடம் தருவதுதான் மூன்று திட்டங்களின் வேலையும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் பல தளங்கள் ஒரே சர்வரின் நினைவகத்தையும் செயலியையும் பங்கிட்டுக்கொள்வதால் வாடகை குறைவு. அதில் ஒரு தளத்துக்குத் திடீரென்று கூட்டம் வந்தால் மற்றவையும் தடுமாறக்கூடும். விபிஎஸ்ஸில் (விர்ச்சுவல் பிரைவேட் சர்வர்) ஒரு சர்வரை மென்பொருளால் பிரித்து உங்களுக்கென்று ஒரு பங்கை ஒதுக்குவார்கள். ஆனால் அதை இயக்கும் லினக்ஸ் போன்ற இயங்குதளத்தைப் புதுப்பிப்பதும் ஊடுருவலைத் தடுப்பதும் பெரும்பாலும் உங்கள் தலையில் விழும். கிளவுட் என்பது பல சர்வர்களின் திறனைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்துத் தருவது; தேர்வு முடிவு வெளியாகும் நாளில் மட்டும் லட்சக்கணக்கானோர் குவியும் தளங்களுக்கு ஏற்றது.

உங்கள் தேவையைக் கணக்கிட்டுப் பாருங்கள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு (‘கி’ என்பதில் ‘க’ ஒன்று, இகரக் குறி ஒன்று) 3 பைட் என்பதால், 1000 சொற்கள் கொண்ட கட்டுரை ஏறத்தாழ 30 கேபி வரும். ஆயிரம் கட்டுரைகள் சேர்ந்தாலும் 30 எம்பிதான். இடத்தை அடைப்பவை படங்களே. ஷேர்டு தாராளமாகப் போதும்.

வகையைவிட நான் அஞ்சுவது வேறொன்றை. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் அழிந்து, லட்சக்கணக்கான தளங்கள் முடங்கின. காப்புப் பிரதியை வேறு ஊரில் வைத்திருந்தவர்கள் மீண்டார்கள். அதே வளாகத்தை நம்பியிருந்தவர்களில் பலர் அனைத்தையும் இழந்தார்கள். ஆகவே, நிறுவனமே பேக்கப் எடுப்பதாகச் சொன்னாலும், மாதம் ஒருமுறை கோப்புகளையும், கட்டுரைகள் சேமிக்கப்படும் டேட்டாபேஸ் இருந்தால் அதையும் இறக்கி உங்கள் வன்தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கொண்டு தளத்தை மீட்க முடிகிறதா என்று ஒருமுறையேனும் சோதியுங்கள்.

தளத்தின் இணைய முகவரியான டொமைன் பெயரை வட்டத்தின் பெயரிலேயே, வட்டத்தின் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். தளம் வடிவமைப்பவர் தம் கணக்கில் பதிவு செய்துகொண்டால், பின்னாளில் ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்ற அவர் தயவு வேண்டியிருக்கும். அறிமுகச் சலுகை பெரும்பாலும் முதல் தவணைக்கு மட்டுமே என்பதையும் மறவாதீர்கள். பணம் கட்டுமுன் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விளம்பரத்தில் அதைப் பெரும்பாலும் பொடி எழுத்தில்தான் போடுவார்கள்.