4.7 அங்குல ஐபோன் எஸ்இ வைத்திருக்கிறேன், எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. பெரிய திரை உள்ள ஆண்ட்ராய்டு போனுக்கு மாறலாமா?

மாறலாம். ஆனால் இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெரிய திரை வேண்டும் என்பது ஒன்று, ஐஓஎஸ்ஸை விட்டுப் போகலாமா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டு, பத்தே நாளில் "ஆண்ட்ராய்டு சரிப்பட்டு வரவில்லை" என்று எழுதுபவர்கள் நிறைய. நோண்டிப் பார்த்தால் போன் கைக்கு அடங்காமல் இருந்திருக்கும். பழி மட்டும் ஆண்ட்ராய்டின் தலையில் விழும்.

முதலில் அளவு. அங்குலக் கணக்கை மறந்துவிடுங்கள், அது ஏமாற்றும். திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளந்த நீளம் அது. பழைய திரைகள் 16:9 விகிதத்தில் அகலமாக இருந்தன. இப்போது 19.5:9, 20:9 என்று நீளவாக்கில் இழுத்துவிட்டார்கள். 5.5 அங்குலத் திரை கொண்ட ஐபோன் 8 பிளஸ்ஸின் உடல் அகலம் 78.1 மி.மீ., 6.7 அங்குலத் திரை கொண்ட ஐபோன் 15 பிளஸ் 77.8 மி.மீ. பெயரளவில் 1.2 அங்குலம் கூடியிருக்கிறது, கையில் பிடிக்கும் அகலமோ ஒரு மயிரிழை குறைந்துதான் இருக்கிறது.

கைக்கு முக்கியம் இரண்டே எண்கள்: அகலம், எடை. உங்கள் எஸ்இ 2022-ஆம் ஆண்டு மாடல் என்றால் 67.3 மி.மீ., 144 கிராம். சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 6.2 அங்குலம், அகலம் 70.6 மி.மீ., எடை 167 கிராம். அகலம் 3 மி.மீ. சொச்சம்தான் கூடுகிறது, திரையின் பரப்போ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிறது. அதே வரிசையின் அல்ட்ரா 79 மி.மீ., 232 கிராம். எஸ்இ பிடித்துப் பழகிய கைக்கு அது செங்கல்தான். இதைச் சொன்னால் "நான் அல்ட்ராவை ஒரு கையால்தான் பிடிக்கிறேன்" என்று யாராவது வருவார். பிடிப்பது வேறு, கட்டைவிரல் எதிர்ப்பக்க மேல்மூலைக்கு எட்டுவது வேறு.

வாங்கும் முன் ஒரு சோதனை. தடித்த அட்டையை நீங்கள் பார்த்து வைத்திருக்கும் போனின் உயரம், அகலத்துக்கு வெட்டுங்கள். தடிமன் 8 மி.மீ. வரும்வரை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். கேஸ் போடும் பழக்கம் இருந்தால் அகலத்தில் 3 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பின்பக்கம் நாணயங்களை டேப் போட்டு ஒட்டி, சமையல் தராசில் வைத்து அந்தப் போனின் எடைக்குக் கொண்டுவாருங்கள். ஒருநாள் முழுக்கச் சட்டைப்பையில் வைத்து நடங்கள், படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே பிடித்துப் பாருங்கள். சுண்டுவிரலை அடியில் முட்டுக்கொடுக்காமல் பிடிக்க முடியவில்லை என்றால் ஒரு அளவு கீழே இறங்குங்கள். கடையில் இதைத் தெரிந்துகொள்ள முடியாது. அங்கே போனைத் திருட்டுத் தடுப்புக் கம்பியில் கட்டி வைத்திருப்பார்கள், எடையே தெரியாது.

வாங்கியபின் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: பெரிய திரை வந்தாலே நிறையத் தெரியும் என்பது. எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை மென்பொருள்தான் தீர்மானிக்கிறது. எஸ்இ திரையின் அகலத்தை ஐஓஎஸ் 375 அலகுகளாகப் பிரிக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்கள் 360 அலகோடு வருகின்றன. அப்படிப்பட்ட போனில் அதே வரிகள்தான் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். கண்ணுக்குச் சிரமம் என்பதால்தான் மாறுகிறீர்கள், ஆக உங்களுக்கு அது நல்லதே. செட்டிங்ஸில் டிஸ்ப்ளேக்குள் எழுத்தளவு, திரைப் பொருள்களின் அளவு என இரண்டு தனித்தனி இழுவைகள் இருக்கும். முதலில் எழுத்தளவை மட்டும் ஒரு படி ஏற்றுங்கள். இரண்டையும் கடைசிவரை ஏற்றினால் சில ஆப்களில் "சமர்ப்பி" பட்டனே திரைக்கு வெளியே போய்விடும். டெவலப்பர் ஆப்ஷன் என்ற மறைவான அமைப்புப் பகுதிக்குள் போய் இந்த அலகு எண்ணை நேராக மாற்றச் சொல்லும் யோசனை எங்கும் கிடைக்கும். செய்யலாம், பழைய எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். அந்த ஆப்ஷன் ஆனில் இருந்தால் சில வங்கி ஆப்கள் திறக்க மறுக்கும், அப்போது போனைக் குறை சொல்லாதீர்கள்.

விரல் எட்டாததற்கும் மருந்து இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஒன்-ஹேண்டட் மோட் என்று தேடுங்கள், திரையில் இருப்பதை விரலுக்கு எட்டும்படி கொண்டுவரும் வசதி அது. கூகுளின் பிக்ஸலில் சிஸ்டம் – ஜெஸ்சர்ஸ், சாம்சங்கில் அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ். ஐஓஎஸ்ஸில் அதே வேலையைச் செய்வது அக்சஸிபிலிட்டி – டச் என்பதற்குள் இருக்கும் ரீச்சபிலிட்டி. விசைப்பலகை இன்னும் முக்கியம்: கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் காற்புள்ளி விசையை அழுத்திப் பிடித்தால் ஒரு கை அமைப்பு வரும், விசைகள் ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். பெரிய போனில் எழுத்துப்பிழை பெருகுவது பெரும்பாலும் கட்டைவிரல் நீட்டிப் பிடித்துத் தட்டுவதால்தான்.

இனி ஓஎஸ். எது உயர்ந்தது என்ற சண்டைக்குள் நான் வரவில்லை, அன்றாடம் கையில் தட்டுப்படும் வித்தியாசங்களைச் சொல்கிறேன். முதலாவது, பின்னால் போவது. எஸ்இ-யில் இடது ஓரத்திலிருந்து இழுப்பீர்கள், அல்லது மேலே இடது மூலையில் அம்புக்குறியைத் தட்டுவீர்கள். பெரிய திரையில் அந்த மூலை எட்டாது. ஆண்ட்ராய்டில் இரண்டு ஓரங்களிலிருந்தும் இழுக்கலாம், எல்லா ஆப்பிலும் வேலை செய்யும். பெரிய போனுக்கு இந்த ஒரு விஷயத்தில் ஆண்ட்ராய்டு தெளிவாக முந்துகிறது. ஒரே தொல்லை, படத்தை வெட்டும்போது ஓரத்தில் விரல் வைத்தால் பின்னால் போய்விடும். நேவிகேஷன் செட்டிங்ஸில் ஓர உணர்திறனைக் குறைத்தால் சரியாகும், அல்லது மூன்று பட்டன் முறைக்கே மாறிவிடலாம்.

இரண்டாவது, பின்னணி வேலை. ஐஓஎஸ் எல்லா ஆப்களையும் ஒரே கண்டிப்போடு உறங்க வைக்கும். ஆண்ட்ராய்டில் அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில கம்பெனிகள் பேட்டரி மிச்சப்படுத்துகிறோம் என்று செய்தி ஆப்களையே கொன்றுவிடும். நோட்டிஃபிகேஷன் தாமதமாக வந்தால் அந்த ஆப்பின் பேட்டரிப் பகுதியில் "அன்ரெஸ்டிரிக்டட்" தேர்ந்தெடுங்கள். மூன்றாவது, அப்டேட். பிக்ஸல் 8, கேலக்ஸி எஸ்24 வரிசைகளுக்கு ஏழு ஆண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். 2015-இல் வந்த ஐபோன் 6எஸ் 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 வரை பெற்றது. ஆகவே நல்ல மாடல்களில் இந்த வாதம் பழையதாகிவிட்டது. மலிவு ஆண்ட்ராய்டில் மட்டும் எத்தனை ஆண்டு என்று பார்த்து வாங்குங்கள். ஆப்பிள் வாட்ச் கையில் இருக்கிறதென்றால் யோசியுங்கள், அது ஆண்ட்ராய்டோடு வேலை செய்யாது.

உண்மையான வேலை இடமாற்றத்தில்தான் இருக்கிறது, இங்கே வரிசை தவறக் கூடாது. புது ஆண்ட்ராய்டை ஆன் செய்யும் முதல் அமைப்பிலேயே லைட்னிங் – யுஎஸ்பி சி கேபிளைக் கையில் வைத்திருங்கள். வாட்ஸ்அப் உரையாடல்கள் ஐகிளவுட் காப்பிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு வராது, கேபிள் வழியாக முதல் அமைப்பின்போது கொண்டுவருவதே நம்பகமான வழி. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தாண்டிவிட்டால் புது போனை ஃபேக்டரி ரீசெட் செய்து முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். எண் அதேதான் இருக்க வேண்டும், அழைப்புப் பட்டியல் வராது.

சிம்மைக் கழற்றும் முன் ஐபோனில் ஐமெசேஜ் (ஆப்பிளின் செய்தி வசதி), ஃபேஸ்டைம் (அதன் வீடியோ அழைப்பு) இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். மறந்தால் ஐபோன் வைத்திருப்பவர்கள் உங்களுக்கு அனுப்பும் செய்திகள் ஐமெசேஜாகவே போய் எங்கோ தொங்கும். ஏற்கெனவே மறந்தாயிற்று என்றால், எண்ணை விடுவிக்க ஆப்பிளின் தளத்திலேயே ஒரு பக்கம் உண்டு. எண்ணைக் கொடுத்தால் ஆறு இலக்கக் குறியீடு குறுஞ்செய்தியாக வரும்.

படங்களில் ஒரு பொறி. "ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்" ஆனில் இருந்தால் போனில் இருப்பது பல படங்களின் சிறு நகல்தான், மூலப்படம் ஐகிளவுடில் இருக்கும். கேபிளில் இழுத்துவிட்டு எல்லாம் வந்துவிட்டது என்று நம்பாதீர்கள். ஆப்பிளின் தரவு–தனியுரிமைப் பக்கத்திலிருந்து கூகுள் போட்டோஸுக்கு நேரடியாக அனுப்பக் கோரலாம். 3 முதல் 7 நாள் ஆகும், மூலம் ஐகிளவுடிலேயே இருக்கும். கூகுளில் இலவச இடம் 15 ஜிபி மட்டுமே, முன்கூட்டியே பாருங்கள். இருபடிச் சரிபார்ப்பு ஆப்பில் உள்ள கணக்குகளைக் க்யூஆர் மூலம் அன்றே மாற்றிவிடுங்கள். வங்கி ஆப்களை ஒவ்வொன்றாகப் புதிதாகப் பதிய வேண்டும், அதற்கு சிம் புது போனில் இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய ஆப்கள் வராது, மறுபடி வாங்க வேண்டியதுதான்.

இதற்கிடையில் கேட்கப்படாத ஒரு புலம்பல். கைக்கு அடங்கும் போன்களை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டார்கள், ஐபோனில் "மினி" 2021-இல் வந்த 13-உடன் முடிந்தது. போதாக்குறைக்குப் பின்னால் கேமராவை ஒரு பக்கமாக மேடு போல நீட்டுகிறார்கள். மேசையில் வைத்துத் தட்டினால் நொண்டிக் கட்டில் மாதிரி ஆடுகிறது. அதைச் சமன் செய்யத் தடித்த கேஸ், கேஸ் போட்டால் மறுபடி அகலம். கேட்டால் மக்கள் பெரியதைத்தான் விரும்புகிறார்கள் என்பார்கள். சிறியதைக் கடையில் வைத்தால்தானே விரும்புவதற்கு?

பழைய எஸ்இ-யை உடனே விற்காதீர்கள், இரண்டு வாரமாவது வைத்திருங்கள். ஏதாவது ஒரு ஆப் பழைய போனில்தான் உறுதிப்படுத்தச் சொல்லும். எல்லாம் வந்தபின், தொலைந்த போனைத் தேடும் ஃபைண்ட் மை-யை ஆஃப் செய்து, ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, பிறகு போனில் உள்ளதை எல்லாம் அழித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விற்றால் வாங்கியவரிடம் ஆக்டிவேஷன் லாக் என்ற பூட்டு உங்கள் ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும், போன் திரும்பி உங்களிடமே வரும். ஈசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) போட்டிருந்தால், அழிக்கும்போது அதையும் நீக்கவா என்று கேட்கும் இடத்தில் நிதானியுங்கள். எண் புது போனில் வேலை செய்வதை ஒரு அழைப்புப் போட்டு உறுதி செய்த பிறகே ஆம் சொல்லுங்கள்.